உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு

அதிகாலை ஐந்தரை மணிக்கு நம் நகரங்களின் தெருக்களில் இருவகை மனிதர்களைக் காணலாம். விளையாட்டுக் காலணி அணிந்து, மருத்துவர் சொன்ன கணக்கை நிறைவேற்றக் கைகளை வீசி நடப்பவர்கள் ஒரு வகை. தூக்குவாளியுடன் முதல் பேருந்தைப் பிடிக்க விரையும் கட்டுமானத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் மற்றொரு வகை. இரு சாராரும் நடக்கிறார்கள். இரு சாராருக்கும் வியர்க்கிறது. நாள் முழுவதையும் கணக்கிட்டால், இரண்டாம் வகையினர் நடப்பதும் குனிவதும் சுமப்பதும் முதல் வகையினரைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால், நீண்ட நாள் நலமாக வாழும் வாய்ப்பு முதல் வகையினருக்கே கூடுதலாக இருக்கிறது.

உடலுழைப்பு நோயை விரட்டும் என்பது உண்மையானால், இந்த முரண்பாட்டுக்கு என்ன காரணம்? 'உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி?' என்று நம்மில் பலர் இயல்பாகக் கேட்பதுண்டு. உழைப்பும் உடற்பயிற்சியும் ஒன்றே என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. கடந்த எழுபது ஆண்டுகால ஆய்வுகளை வரிசையாகப் பார்த்தால், அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதும், அந்தப் பிழைக்கு ஏழை எளியோர் கொடுக்கும் விலை எவ்வளவு என்பதும் புலப்படும்.

உடலியக்கத்துக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் திட்டவட்டமாக நிறுவியவர் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ். ஏழைக் குடியேறிகளின் மகனாகப் பிறந்து கிளாஸ்கோ நகரில் வளர்ந்த அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெருகிவந்த மாரடைப்புக்குக் காரணம் தேடினார். லண்டன் போக்குவரத்து நிறுவனத்தில் பணியாற்றிய 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 ஆண்களின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1953-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

லண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் பணி நேரம் முழுவதும் அமர்ந்தே இருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக ஒரு நாளில் 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குவார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தபோதும் உடனடி மரணம் குறைவாக இருந்தது. மிதிவண்டியிலும் நடந்தும் கடிதம் கொண்டு சென்ற தபால்காரர்களை, அமர்ந்து வேலை செய்த எழுத்தர்களுடனும் தொலைபேசி இயக்குநர்களுடனும் ஒப்பிட்டபோதும் இதே போக்கு தென்பட்டது. ஓட்டுநரும் நடத்துநரும் ஏறத்தாழ ஒரே சமூக நிலையைச் சேர்ந்தவர்கள் என்பதுதான் இந்த ஒப்பீட்டின் வலிமை. வறுமையோ வசதியோ குறுக்கே வந்து கணக்கைக் குழப்பவில்லை.

இருப்பினும் மாரிஸ் அத்துடன் நிறைவடையவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, போக்குவரத்து ஊழியர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுகளை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். ஓட்டுநர்களின் இடுப்பளவு, இளம் வயதிலேயே நடத்துநர்களின் இடுப்பளவைவிடப் பெரிதாக இருந்தது. அதாவது, அமர்ந்து செய்யும் வேலை உடலைப் பருக்கச் செய்தது என்பதோடு, சற்றே பருத்த உடலுடையோர் அந்த வேலைக்கு வந்திருக்கவும் கூடும். பொருளியல் மாணவர்களுக்கு நாங்கள் 'தேர்வுச் சாய்வு' என்று கற்பிக்கும் சிக்கல் இது. தம் முடிவையே ஐயத்துக்கு உட்படுத்தும் இந்த நேர்மை, நலவாழ்வு பற்றிய எந்தப் புள்ளிவிவரத்தையும் படிக்கும்போது நமக்கும் வேண்டும்.

மாரிஸின் ஆய்வு உலகெங்கும் ஏற்கப்பட்டது. ஆனால், அதிலிருந்து உலகம் எடுத்துக்கொண்டது பாதிச் செய்தியை மட்டுமே. உடல் அசைந்தால் போதும். அது அலுவலகப் படிக்கட்டாக இருந்தாலும் சாந்துச் சட்டியாக இருந்தாலும் பலன் ஒன்றே என்று பலரும் புரிந்துகொண்டனர். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது. ஓய்வு நேரம், வேலை, வீட்டுப்பணி, போக்குவரத்து ஆகிய நான்கிலும் நிகழும் இயக்கம் இந்தக் கணக்கில் சேரும். இப்படிக் கூட்டினால், செங்கல் சுமக்கும் சித்தாள் திங்கள்கிழமை நண்பகலிலேயே வாரக் கணக்கை முடித்துவிடுகிறார்!

உலக அளவில் திரட்டப்பட்ட தரவுகளும் இந்த விசித்திரத்தைக் காட்டுகின்றன. 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, போதிய உடலியக்கம் இல்லாதோர் உயர் வருவாய் நாடுகளில் 36.8 விழுக்காட்டினர், குறைந்த வருவாய் நாடுகளில் 16.2 விழுக்காட்டினர் மட்டுமே. இந்தக் கணக்கை அப்படியே ஏற்றால் ஏழை நாட்டு மக்களே அதிகச் 'சுறுசுறுப்பு' உடையவர்கள். அந்தச் சுறுசுறுப்பு அவர்களது ஆயுளை நீட்டித்திருக்கிறதா என்றால், இல்லை.

இந்தப் புதிரை அவிழ்க்கும் ஆய்வுகள் டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் அண்மைக் காலத்தில் முனைப்புடன் நடந்துள்ளன. 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஏறத்தாழ 1,94,000 பேரைப் பற்றிய 17 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. கடும் உடலுழைப்பு வேலையிலிருந்த ஆண்களுக்கு, உடலுழைப்பு குறைந்த வேலையிலிருந்தவர்களைவிட முன்கூட்டியே இறக்கும் அபாயம் 18 விழுக்காடு கூடுதலாக இருந்தது. பெண்களிடம் இந்தப் போக்கு காணப்படவில்லை.

2021-இல் கோபன்ஹேகன் நகரில் 1,04,046 பேரைச் சராசரியாகப் பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. ஓய்வு நேரத்தில் மிக அதிகமாக உடலை இயக்கியவர்களின் இறப்பு அபாயம், அவ்வாறு இயக்காதவர்களைவிட 40 விழுக்காடு குறைவாக இருந்தது. வேலையில் மிக அதிகமாக உடலை வருத்தியவர்களின் இறப்பு அபாயமோ 27 விழுக்காடு கூடுதலாக இருந்தது. புகைப்பழக்கம், கல்வி, வருவாய் உள்ளிட்ட வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இந்த இடைவெளி மறையவில்லை. ஒரே உடல், ஒரே தசை. ஆனால், ஓய்வு நேரத்தில் அது இயங்குவதற்கும் கூலிக்காக இயங்குவதற்கும் எதிரெதிரான விளைவுகள். ஆய்வாளர்கள் இதை 'உடலியக்க முரண்' என்று அழைக்கிறார்கள்.

இது முடிந்த முடிவன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டில் நார்வேயில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, பிற வேறுபாடுகளை நுட்பமாகக் கழித்துப் பார்த்தால் உடலுழைப்பு வேலையிலிருக்கும் ஆண்களின் ஆயுள் குறைவதில்லை என்று கூறியது. கடும் உழைப்பாளிகளின் குறை ஆயுளுக்கு உழைப்பைவிட அவர்களது வறுமையே முதன்மைக் காரணமாக இருக்கலாம் என்பது இதன் பொருள். எப்படிப் பார்த்தாலும் ஒன்று தெளிவாகிறது: வறுமைச் சூழலில் செய்யப்படும் உடலுழைப்பு, உடற்பயிற்சி தரும் காப்பைத் தருவதில்லை.

ஏன் தருவதில்லை? டென்மார்க் ஆய்வாளர்கள் முன்வைக்கும் விளக்கங்கள் எளியவை. உடற்பயிற்சி குறுகிய நேரம் நடக்கும். இதயத் துடிப்பை வேண்டிய அளவுக்கு உயர்த்திவிட்டு நின்றுவிடும். கூலி வேலையோ எட்டு, பத்து மணி நேரம் நீளும். இதயத்தை வலுப்படுத்தும் அளவுக்கு அதன் வேகம் இருப்பதில்லை. ஆனால், நாள் முழுவதும் இதயத் துடிப்பைச் சற்றே உயர்ந்த நிலையில் வைத்திருக்கும். பாரம் தூக்குவதும், ஒரே நிலையில் குனிந்தோ நின்றோ இருப்பதும் இரத்த அழுத்தத்தைக் கூட்டுகின்றன. வேலை முடிந்த பிறகும் அது முழுமையாக இறங்குவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, களைத்த உடல் தன்னைச் சீரமைத்துக்கொள்ளப் போதிய ஓய்வு கிடைப்பதில்லை. நடைப்பயிற்சி செய்பவர் மூச்சிரைத்தால் நின்றுவிடலாம். கங்காணியின் பார்வையில் இருப்பவர் நிற்க முடியாது.

இதைப் பொருளியல் மொழியில் சொல்வது எனக்கு எளிது. 1972-ஆம் ஆண்டு மைக்கேல் கிராஸ்மன் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், உடல்நலத்தை ஒரு மூலதனமாகக் கருதும் கோட்பாட்டை முன்வைத்தார். இயந்திரத்தைப் போல உடல்நலமும் ஆண்டுதோறும் தேய்கிறது. சத்துணவு, மருத்துவம், உடற்பயிற்சி ஆகியவற்றில் பணத்தையும் நேரத்தையும் முதலீடு செய்து அந்தத் தேய்மானத்தை மனிதன் ஈடுகட்டுகிறான் என்பது அதன் சாரம். நிலமோ கல்வியோ சேமிப்போ இல்லாதவனிடம் இருக்கும் ஒரே மூலதனம் அவன் உடல்தான். அன்றாடச் செலவுக்கு அவன் அந்த முதலையே கரைத்துச் சாப்பிட வேண்டியிருக்கிறது. உடற்பயிற்சி முதலீடு என்றால், ஓய்வில்லா உழைப்பு தேய்மானம். இரண்டிலும் வியர்வை வருகிறது என்பதற்காக இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுவது தவறான கணக்கு.

அப்படியானால், வறியவர்களுக்கும் உடற்பயிற்சி கற்றுக்கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? அதற்கு விடையாக அமைவது, லண்டன் அரசு அலுவலகங்களில் 1967-இல் தொடங்கிய புகழ்பெற்ற 'வைட்ஹால்' ஆய்வு. 40 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்கள் இதில் இடம்பெற்றனர். இவர்களில் எவரும் பரம ஏழையல்லர், அனைவருக்கும் நிலையான பணி இருந்தது, மருத்துவம் இலவசம். எனினும், அடிநிலையில் இருந்த ஏவலர்களும் வாயில் காவலர்களும் இதய நோயால் இறந்த விகிதம், உச்சியில் இருந்த நிர்வாக அதிகாரிகளின் விகிதத்தைப்போல 3.6 மடங்காக இருந்தது என்று மைக்கேல் மார்மட்டும் அவருடைய குழுவினரும் 1978-இல் எழுதினர். பதவியில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் அபாயம் ஒரு படி ஏறியது.

அடிநிலை ஊழியர்கள் அதிகம் புகைத்தனர். ஓய்வு நேரத்தில் குறைவாக உடலை இயக்கினர். அவர்களது இரத்த அழுத்தமும் கூடுதலாக இருந்தது. ஆனால், இவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் இடைவெளியின் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. எஞ்சிய பகுதிக்கான விடையைத் தன் வேலையின் மீது தனக்கே கட்டுப்பாடு இல்லாத நிலை, ஓயாத மன அழுத்தம், இளமைக் கால வறுமை ஆகியவற்றில் மார்மட் தேடினார்.

நம் நாட்டிலும் இதற்கு இணையான சான்று உண்டு. அசாம், பிகார், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் இரண்டு கோடி மக்களிடம் திரட்டப்பட்ட அரசின் தரவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2022-இல் வெளியானது. உயர்சாதி இந்துக்களைவிடப் பழங்குடியினரின் சராசரி ஆயுள் நான்கு ஆண்டுகளுக்கு மேலும், பட்டியல் சாதியினரின் ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைவாக இருந்தது. செல்வ நிலையில் உள்ள வேறுபாடு இந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவான பகுதியைத்தான் விளக்கியது. லண்டனில் பதவிப் படிநிலை செய்ததை இங்கே சாதிப் படிநிலை செய்கிறது.

ஆக, உடற்பயிற்சியால் மட்டும் சமூகத் தாழ்நிலையின் சுமையை இறக்கிவிட முடியாது. அதற்காக உடற்பயிற்சி பயனற்றது என்றும் கொள்ளலாகாது. அதன் பயன் மெய். அது யாருக்குக் கிடைக்கிறது என்பதே கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீரிழிவு ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 14,227 பேரின் உடலியக்கத்தை அளந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டது. அவர்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய இயக்கம் இல்லாதவர்கள். ஓய்வு நேர உடற்பயிற்சி செய்தவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு.

இதே ஆய்வின் தொடர்ச்சியாக 2017-இல் வெளியான மற்றொரு முடிவு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நீரிழிவு பணக்காரர் நோய் என்று நெடுங்காலமாகக் கருதிவந்தோம். ஆனால், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் போன்ற வளர்ந்த பகுதிகளின் நகர்ப்புறங்களில் வசதியானவர்களைவிட வறியவர்களிடமே நீரிழிவு அதிகமாகக் காணப்பட்டது. வசதி படைத்தோர் விழிப்படைந்து நடைப்பயிற்சிக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் மாறத் தொடங்கும்போது, மலிவான மாவுச்சத்து உணவும் ஓய்வற்ற வாழ்க்கையும் ஏழையின் பங்காகின்றன. செல்வம் கைமாறுகிறதோ இல்லையோ, நோய் கைமாறிவிட்டது.

உடற்பயிற்சிக்குக் காசு தேவையில்லை என்பர். காசைவிட அரிதான மூன்று அதற்குத் தேவை: நேரம், இடம், தெம்பு. முதலில் நேரம். 2024-ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுப் பணிகளில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் ஊதியமில்லா அப்பணிகளுக்கு நாளொன்றுக்கு 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 88 நிமிடங்கள். ஏறத்தாழ ஐந்து மணி நேர வீட்டுவேலைக்கு மேல் கூலி வேலைக்கும் செல்லும் பெண்ணிடம் 'தினமும் அரை மணி நேரம் நடங்கள்' என்று சொல்லும் மருத்துவர், அந்த அரை மணியை எதிலிருந்து வெட்டுவது என்று சொல்வதில்லை. பெரும்பாலும் அது உறக்கத்திலிருந்துதான் வெட்டப்படும். 2022-இல் இந்தியப் பெண்களில் சுமார் 57 விழுக்காட்டினரும் ஆண்களில் சுமார் 42 விழுக்காட்டினரும் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்ற உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டைச் சோம்பலின் அளவாகப் பார்ப்பதைவிட, நேர வறுமையின் அளவாகப் பார்ப்பதே பொருத்தம்.

அடுத்தது இடம். 1990-களில் அமெரிக்க அரசு ஐந்து பெருநகரங்களில் ஓர் அரிய சோதனை நடத்தியது. வறுமை மண்டிய பகுதிகளில் வாழ்ந்த ஏறத்தாழ 4,500 குடும்பங்களில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டோருக்கு, வறுமை குறைந்த பகுதிகளுக்குக் குடிபெயர உதவித்தொகை கிடைத்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஆராய்ந்தபோது, அந்த வாய்ப்பைப் பெற்ற பெண்களிடம் மிகை உடல் பருமனும் நீரிழிவும் மற்றவர்களைவிடச் சுமார் நான்கு விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்திருந்தன. அவர்களுக்கு எவரும் உடற்பயிற்சி வகுப்பு எடுக்கவில்லை; மாறியது அவர்கள் வாழ்ந்த இடம்தான். குலுக்கல் என்பதால், மாரிஸை உறுத்திய தேர்வுச் சாய்வுக்கும் இங்கே இடமில்லை.

இங்கிலாந்தில் 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வு, பசுமைவெளி மிகுந்த பகுதிகளில் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையிலான இறப்பு விகித இடைவெளி குறுகியிருப்பதைக் காட்டியது. நம் நகரங்களிலோ பூங்காக்கள் பெரும்பாலும் வசதியானோர் வாழும் பகுதிகளை ஒட்டியே அமைகின்றன. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு விதி உள்ளது. பிரிக்கப்படாத, பதிவு செய்யப்படாத குடிசைப் பகுதிக்கு அந்த விதி எந்தப் பூங்காவைத் தரும்? சிற்றூர்களில் ஊர்ப் பொதுத் திடல் எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறதா, மாலையில் ஓர் இளம்பெண் அங்கே ஓட முடியுமா என்ற கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

மூன்றாவது தெம்பு. தமிழ்நாட்டு உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களை ஆராய்ந்த சென்னை ஆய்வாளர்கள், அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்பை மீறிய வெப்பத்தில் வேலை செய்வதைக் கண்டனர். போதிய நீர் அருந்தாமை, கழிப்பறை இன்மை, சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறிகள் ஆகியவையும் அங்கே பதிவாயின. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்ணுக்கு, உழைப்பே உடற்பயிற்சி என்று எந்த நாவால் சொல்வது? அவருக்கு இன்றைய தேவை நிழல், குடிநீர், கழிப்பறை, இடைவேளை.

எனவே, வறியவர்களின் உடல்நலம் பற்றிய அரசின் அணுகுமுறை இரு முனைகளில் அமைய வேண்டும். வேலையின் தேய்மானத்தைக் குறைப்பது முதல் முனை. இதில் தமிழ்நாடு காட்டிய ஒரு வழி பாராட்டுக்குரியது. கடைகளிலும் நிறுவனங்களிலும் பணியாற்றுவோருக்கு அமரும் இருக்கை வழங்க வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2018-இலேயே கேரளம் இதைச் செய்தது. நாளெல்லாம் நின்றே துணி விரித்துக் காட்டிக் காலில் நரம்புச் சுருட்டலுடன் வீடு திரும்பும் பெண்களுக்கு, ஒரு நாற்காலியே மருத்துவம். சட்டம் வந்த பிறகும் எத்தனைக் கடைகளில் அந்த நாற்காலி இருக்கிறது, இருந்தாலும் அதில் அமர முடிகிறதா என்பதை வாடிக்கையாளர்களாகிய நாமே பார்த்துக் கேட்கலாம்.

வேலை நேரமும் அப்படித்தான். 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதம் பெரும்பாலும் உற்பத்தியையும் முதலீட்டையும் சுற்றியே நடந்தது. எட்டு மணி நேர வேலை என்பது மிக மலிவான இதய நோய்த் தடுப்புத் திட்டம் என்ற கோணமும் அதில் இடம்பெற்றிருக்க வேண்டும்.

ஓய்வு நேர உடற்பயிற்சியைப் பொதுவுடைமை ஆக்குவது இரண்டாம் முனை. 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டது. நல்ல தொடக்கம். ஆனால், காரில் வந்து இறங்கி நடப்போருக்கு மட்டுமே அது பயன்படுமானால் இடைவெளி இன்னும் அகலும். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடந்து செல்லும் தொலைவில் விளக்குடன் கூடிய திடல்கள், மாலையில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படும் அரசுப் பள்ளி மைதானங்கள், ஆக்கிரமிப்பற்ற நடைமேடைகள் ஆகியவை வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுவாசலுக்கே கொண்டு செல்கிறது. அத்திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள், முதுகையும் முழங்காலையும் தேய்க்கும் வேலைகளில் இருப்போருக்குப் பாரம் தூக்கும் முறையையும், தசைகளைத் தளர்த்தும் எளிய பயிற்சிகளையும் சொல்லித்தரலாம்.

இங்கே மீண்டும் மாரிஸை நினைவுகூர வேண்டியிருக்கிறது. உடற்பயிற்சியின் தந்தை என்று போற்றப்படும் அவரே, பிரிட்டனில் வர்க்க வேறுபாடு மக்களின் ஆயுளை எவ்வாறு குறைக்கிறது என்று 1980-இல் அம்பலப்படுத்திய 'பிளாக் அறிக்கை'யை உருவாக்கிய நால்வருள் ஒருவர். திறன்சாராக் கூலித் தொழிலாளி ஓய்வு வயதுக்கு முன் இறக்கும் வாய்ப்பு, உயர்தொழில் புரிவோரின் வாய்ப்பைப்போல இரண்டரை மடங்கு என்றது அவ்வறிக்கை. தொண்ணூறு வயதை எட்டிய பிறகும் மாரிஸ் ஓயவில்லை. நலமாக வாழக் குறைந்தபட்சம் எவ்வளவு வருவாய் தேவை என்று உடன் ஆய்வாளர்களுடன் கணக்கிட்டு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உணவு, வீட்டு வாடகை ஆகியவற்றுடன் உடற்பயிற்சிக்கான செலவையும் அதில் சேர்த்தார். அன்றைய பிரிட்டனின் குறைந்தபட்ச ஊதியம் அந்தத் தொகையை எட்டவில்லை. படிக்கட்டு ஏறச் சொன்னவர், படிக்கட்டு ஏறுவதற்கான தெம்பை எது தரும் என்பதையும் சொல்லிவிட்டே மறைந்தார்.

நம் நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்துக்கான அளவுகோலை 1957-இல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. நாளொன்றுக்கு ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வாடகை, எரிபொருள் ஆகியவை அதன் கூறுகள். 1991-இல் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்சநீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், குறைந்தபட்சப் பொழுதுபோக்கு, முதுமை போன்றவற்றுக்காக மேலும் 25 விழுக்காடு சேர்க்கப்பட வேண்டும் என்றது. 'பொழுதுபோக்கு' என்ற அந்த ஒற்றைச் சொல்லில் தொழிலாளியின் ஓய்வு நேரம் சட்டத்தின் பார்வைக்கு வந்தது. ஆயினும், 2019-இல் நிபுணர் குழு நாளொன்றுக்கு 375 ரூபாயைத் தேசியக் குறைந்தபட்ச ஊதியமாகப் பரிந்துரைத்தபோது, மத்திய அரசு அவ்வாண்டு அறிவித்த தள ஊதியம் 178 ரூபாய்தான். வயிற்றுக்கே போதாத ஊதியத்தில், பொழுதுக்கு எங்கே போவது?

உடலைப் பேணுவது தனிமனிதக் கடமை என்பதில் ஐயமில்லை. நடக்க முடிந்தவர்கள் நடக்கத்தான் வேண்டும். ஆனால், நடக்க நேரமும் இடமும் தெம்பும் வாய்க்கப்பெற்றவர்கள், அவை வாய்க்காதவர்களைச் சோம்பேறிகள் என்றோ விழிப்புணர்வு அற்றவர்கள் என்றோ கருதுவது அறமாகாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஊதியத்துடன் விடுப்பு, கட்டுமான இடத்தில் நண்பகல் நிழல், கடையில் ஒரு நாற்காலி, குடிசைப் பகுதிக்கு அருகே ஒரு திடல் ஆகியவற்றுக்குப் பெரும் நிதி தேவையில்லை. சிலவற்றை அரசு செய்ய வேண்டும். சிலவற்றை நாமே நாளைக் காலையில் செய்துவிடலாம். உழைப்பவரின் உடல் தேய்ந்து கிடைக்கும் வளத்தில்தான் மற்றவர்களுக்கு நடைப்பயிற்சிக்கான நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பங்கை அவர்களுக்குத் திருப்பித் தருவது, சலுகையாகாது, கடன் தீர்ப்பதாகும்.